பாலிப்ரொப்பிலீன் எவ்வளவு எடைவரை ஒழுங்காக நடக்கும்? பினாங்கில் முதல் க்ரீப் சோதனை செய்பவர்களுக்கு

பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டெக்னீசியனாகச் சேர்ந்திருப்பீர்கள். அல்லது நிபோங் திபாலில் பொறியியல் படித்து, கடைசி ஆண்டு ஆய்வுக்குப் பாலிமர் பக்கம் வந்திருப்பீர்கள். எப்படி வந்தாலும் முதல் வாரமே கையில் ஒரு டேட்டா ஷீட் கிடைத்துவிடும். பாலிப்ரொப்பிலீனின் மீள்குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 1,400 மெகா பாஸ்கல் என்பது போல அதில் ஓர் எண் இருக்கும். அதை வைத்து ஒரு தட்டு எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டால் முதல் சில நிமிடங்களுக்கு விடை சரியாகத்தான் வரும். சில மாதங்கள் எடையைச் சுமந்தபடி கிடந்தால் அதே தட்டு இரண்டு மடங்குக்கும் மேல் வளைந்திருக்கும். எடையை இரட்டிப்பாக்கினாலோ வளைவு இரட்டிப்போடு நிற்பதில்லை, அதையும் தாண்டிப் போகிறது.

இங்கே இரண்டு குணங்கள் கலந்திருக்கின்றன. மீண்டு வரும் தன்மையும் பாகைப் போல ஒழுகும் தன்மையும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால், எடை மாறாவிட்டாலும் நேரம் ஆக ஆக நீட்சி கூடுகிறது. இந்த நீட்சிதான் க்ரீப், அதன் பின்னால் உள்ள குணம் பாகுமீள்தன்மை. எடைக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதமே எடையைப் பொறுத்து மாறுவது இன்னொன்று. அது நேரியலற்ற தன்மை. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், நைலான் போன்ற படிக பாலிமர்களில் இந்த இரண்டாவது குணம் மிகச் சீக்கிரமே தலைகாட்டும். நீட்சி அரை சதவீதத்தை எட்டும் முன்பே அதைப் பல நேரம் அளந்துவிடலாம். உடைவதற்கோ வெளுப்பதற்கோ வெகு தூரம் இருக்கும்போதே நேரியல் கணக்கு பொய்க்கத் தொடங்குகிறது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத் திறந்து ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து அதன் அளவுருக்களைப் பொருத்துவதில்தான் தொடங்குகிறார்கள். நான் வேறு வரிசையைச் சொல்வேன். உங்கள் பொருள், உங்கள் அறையின் வெப்பத்தில், எந்த எடைவரை நேரியலாக நடக்கிறது என்பதை முதலில் உங்கள் கையாலேயே கண்டுபிடியுங்கள். ஸ்டேஷனரி கடைத் தாள், சில தண்ணீர் போத்தல்கள், சிறு நகர்வை அளக்கும் ஒரு டயல் கேஜ் இருந்தால் இதைத் தொடங்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

படிக பாலிமர் என்றாலும் அது முழுவதும் படிகமாக இருப்பதில்லை. அடர்த்தி கூடிய பாலிஎத்திலீனில் ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம் படிகம், மிச்சம் ஒழுங்கில்லாத பகுதி. படிகங்கள் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை தடிமனுள்ள மெல்லிய தகடுகளாக இருக்கின்றன. ஒரு நீண்ட சங்கிலி இப்படி ஒரு தகட்டுக்குள் திரும்பத் திரும்ப மடிந்து படிகிறது என்பதை ஆண்ட்ரூ கெல்லர் 1957இல் காட்டினார். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் இருப்பது ஒழுங்கற்ற, மென்மையான அடுக்கு. சில சங்கிலிகள் ஒரு தகட்டிலிருந்து கிளம்பி இந்த மென்மையான அடுக்கைக் கடந்து அடுத்த தகட்டுக்குள் நுழைந்துவிடும். இவற்றை இணைப்புச் சங்கிலிகள் என்கிறோம். பளு ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குப் போவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலிப்ரொப்பிலீனின் ஒழுங்கற்ற பகுதி ஏறக்குறைய 0 டிகிரியிலேயே உறைநிலையிலிருந்து விடுபட்டு அசையத் தொடங்கிவிடும். படிகம் உருகுவது 160 டிகிரியைத் தாண்டித்தான். நம் அறை வெப்பமான 28, 30 டிகிரி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதாவது மென்மையான பகுதி தாராளமாக அசையும், படிகம் அதைப் பிடித்து வைத்திருக்கும். சிறிய எடையில் மென்மையான அடுக்குகள்தான் சறுக்கி இடங்கொடுக்கின்றன. எடையை எடுத்தால் மெதுவாகத் திரும்பி வந்துவிடும். எடை கூடும்போது இணைப்புச் சங்கிலிகள் இறுகுகின்றன. படிகத்தின் உள்ளேயே துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, சங்கிலிகள் படிகத்திலிருந்து உருவப்படுகின்றன. இவை எடையோடு ஒரே விகிதத்தில் நடப்பவை அல்ல.

ஏன் விகிதம் கெடுகிறது என்பதற்கு ஹென்றி ஐரிங் 1936இல் தந்த விளக்கம் இன்றும் நல்ல தொடக்கம். ஒரு சங்கிலித் துண்டு இடம் மாற ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். வெளியிலிருந்து இழுக்கும் விசை அந்தத் தடையை ஒரு பக்கம் தாழ்த்துகிறது. விசை சிறியதாக இருக்கும்வரை நகரும் வேகம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பெரிதானால் வேகம் அடுக்குக்குறி வேகத்தில் எகிறும். நீங்கள் செய்யப்போகும் சோதனையில் தெரிவதன் வேர் இதுதான்.

எதை எடுத்துக்கொள்வது

தொடக்கத்துக்குப் பாலிப்ரொப்பிலீனே நல்லது. விலை மலிவு, எங்கும் கிடைக்கும், தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நைலானை இப்போதைக்குத் தொடாதீர்கள். நைலான் 6 ஈரத்தில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் ஒழுங்கற்ற பகுதியில் போய் உட்கார்ந்து அதை இளக்கிவிடும். ஒழுங்கற்ற பகுதி அசையத் தொடங்கும் வெப்பநிலையைக் கண்ணாடி நிலைமாற்றம் என்கிறோம். காய்ந்த நைலானில் 50 டிகிரி வாக்கில் இருக்கும் அது அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடும். பினாங்கில் காலையில் மழை, மதியம் வெயில். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது நீங்கள் அளப்பது எடையின் விளைவா ஈரத்தின் விளைவா என்று பிரிக்கவே முடியாது.

தப்பாவ் (பார்சல்) டப்பாக்களில் பல பாலிப்ரொப்பிலீன்தான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் உறுதி. ஆனால் அதிலிருந்து நீளமான பட்டை வெட்ட முடியாது, தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். கோப்பு அட்டையாக விற்கும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நிறமில்லாத பாலிப்ரொப்பிலீன் தாள்தான் வசதி. 10 மில்லிமீட்டர் அகலம், 300 மில்லிமீட்டர் நீளம் என்று பத்துப் பன்னிரண்டு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். தாளை உருளைகளில் இழுத்துச் செய்திருப்பார்கள், இழுத்த திசையில் ஒரு குணம், குறுக்கே இன்னொரு குணம் இருக்கும். புது பிளேடும் இரும்பு அடிக்கோலும் அவசியம். விளிம்பில் பிசிறு இருந்தால் பட்டையைத் தள்ளிவிடுங்கள்.

குறுக்குவெட்டுப் பரப்பைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதில் பலர் சறுக்குகிறார்கள். அரை மில்லிமீட்டரை அளக்கும்போது 0.02 மில்லிமீட்டர் பிழை வந்தாலும் அது 4 சதவீதம். நேரியலா இல்லையா என்ற கேள்வியே சில சதவீத வித்தியாசத்தில் இருக்கும்போது அது பெரிய பிழை. அதனால் நிறுத்துப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.905 கிராம். பட்டையின் எடையை அடர்த்தியாலும் நீளத்தாலும் வகுத்தால் சராசரிப் பரப்பு வந்துவிடும். இந்த அளவுள்ள பட்டை 1.36 கிராம் வாக்கில் இருக்கும். லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் தங்கம் நிறுப்பதைப் போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பரப்பு 5 சதுர மில்லிமீட்டர் என்றால், அரைக் கிலோ எடை ஏறக்குறைய ஒரு மெகா பாஸ்கல் தகைவைத் தரும். தொழிற்சாலையில் ஸ்ட்ரெஸ் என்று சொல்வதுதான் இந்தத் தகைவு. ஐந்து கிலோ கட்டினால் 10 மெகா பாஸ்கல். பாலிப்ரொப்பிலீன் இழுபட்டு மொத்தமாக இளகுவது 30 மெகா பாஸ்கல் பக்கத்தில்தான். ஆகவே எடை அறுந்து காலில் விழும் என்ற பயம் வேண்டாம். இருந்தாலும் கீழே ஒரு தலையணை போட்டு வையுங்கள்.

பட்டையின் வயது

படிக பாலிமர் வார்த்து முடித்ததும் அப்படியே நின்றுவிடுவதில்லை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளே இறுகிக்கொண்டே போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் படிகம் சேரும், ஒழுங்கற்ற பகுதியும் மெதுவாக அடங்கும். இன்று வார்த்த துண்டும் போன மாதம் வார்த்த துண்டும் ஒரே எடைக்கு ஒரே அளவு நீளாது. கண்ணாடி நிலைப் பாலிமர்களில் இந்த மூப்பை ஸ்ட்ரூயிக் என்ற ஆய்வாளர் 1970களில் விரிவாக ஆராய்ந்தார், பிறகு படிக பாலிமர்களுக்கும் அதை நீட்டினார். அவர் வழியில் வந்த ஒரு நடைமுறை விதி உண்டு: சோதனை நீடிக்கும் நேரம் பொருளின் வயதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ஒரு நாள் சோதனைக்குக் குறைந்தது பத்து நாள் வயது. கடையில் வாங்கிய தாள் பெரும்பாலும் மாதக்கணக்கில் பழையது, அதனால் கவலையில்லை. தொழிற்சாலையில் அன்றைக்கு இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் வந்த டம்பெல் மாதிரியை எடுத்து மறுநாள் காலையில் தொங்கவிடுவதுதான் ஆபத்து. வெட்டிய பட்டைகளை வெயிலில் வைப்பதோ சுடுநீரில் கழுவுவதோ கூடாது. சூடு படிகத்தையும் மாற்றும், வயதுக் கணக்கையும் குலைக்கும்.

அறை வெப்பம், இங்கேதான் பாதிச் சோதனை இருக்கிறது

உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 291 இரண்டு சூழல்களைச் சொல்கிறது. ஒன்று 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். இன்னொன்று வெப்பமண்டல நாடுகளுக்கானது: 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். நம் ஊருக்காகவே எழுதியது போல இருக்கும் இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐரோப்பிய டேட்டா ஷீட்டோடு ஒப்பிட வேண்டுமானால் 23 தேவை. உங்கள் பொருள் இங்கே எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டுமானால் 27 நேர்மையான எண்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஆடாமல் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாலிப்ரொப்பிலீன் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு விரியும். 250 மில்லிமீட்டர் பட்டை 5 டிகிரி சூடேறினால் 0.125 மில்லிமீட்டர் நீளும். 2 மெகா பாஸ்கல் தகைவில் ஒரு நிமிடத்தில் நீங்கள் பார்க்கப்போகும் மொத்த நீட்சியே 0.4 மில்லிமீட்டர் வாக்கில்தான். ஆகவே மாலை ஆறு மணிக்கு அலுவலகம் ஏர்கானை நிறுத்திவிட்டால், உங்கள் வளைகோட்டில் ஒரு மேடு எழும்பும். அதைப் பார்த்து, பொருளில் ஏதோ புதிய நிகழ்வு என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். அதோடு முடியாது: சூடு ஏறினால் பொருளும் இளகுகிறது, எனவே க்ரீப்பின் வேகமும் கூடிவிடுகிறது.

இதற்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. சோதனையை வீட்டின் உள்ளறையில், சூரியன் படாத சுவரை ஒட்டி வையுங்கள். மீன் கடைகளில் ஐஸ் வைத்து அனுப்பும் வெள்ளைப் பாலிஸ்டைரீன் பெட்டி இரண்டை நிமிர்த்தி ஒட்டினால் பட்டையைச் சுற்றி ஒரு கூடு கிடைக்கும். உள்ளே ஒரு வெப்பமானி. பக்கத்திலேயே எடை கட்டாத இன்னொரு பட்டையைத் தொங்கவிட்டு அதன் நீளத்தையும் அளந்து வாருங்கள். விரிவினால் வந்த பங்கை அதைக் கொண்டு கழித்துவிடலாம். ஆனால் சூட்டினால் பொருள் இளகியதை இப்படிக் கழிக்க முடியாது, அதனால் வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் ஆடிய ஓட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், திரும்பச் செய்யுங்கள்.

எடை கட்டுவது

மேலே ஜி வடிவக் கிளாம்பு, உள்ளே இரண்டு பக்கமும் மணல்தாள். கீழே சிறிய தட்டைக் கிளிப், அதில் கொக்கி. இரண்டு கிளாம்புக்கும் இடையே 250 மில்லிமீட்டர் இருக்கட்டும். டயல் கேஜின் முனை கீழ்க் கிளிப்பைத் தொட வேண்டும். 0.01 மில்லிமீட்டர் காட்டும் கேஜ் போதும். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். அதன் உள் ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு நியூட்டன் விசையில் தள்ளும் என்பதை மறக்காதீர்கள். அரைக் கிலோ எடை 5 நியூட்டன்தான், எனவே சிறிய எடைகளில் இது 20 சதவீதம் வரை போகும். கேஜின் முனையைத் தராசில் அழுத்திப் பார்த்து அந்த விசையை அளந்து கணக்கில் சேருங்கள். கிளாம்பில் பட்டை வழுக்குகிறதா என்று தெரிய, கிளாம்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தால் போதும். கோடு வெளியே வந்திருந்தால் அந்த ஓட்டம் செல்லாது.

எடைக்குத் தண்ணீர் போத்தல் வசதியானது. ஒவ்வொன்றையும் நிறுத்து, எண் எழுதி வையுங்கள். பட்டை நேராக நிற்க ஒரு சிறிய எடை, ஐம்பது கிராம் அளவில், எப்போதும் தொங்கட்டும். அந்த நிலையில் கேஜைச் சுழியத்தில் வையுங்கள். பிறகு சோதனை எடையை ஒன்றிரண்டு வினாடிக்குள், குலுக்கலில்லாமல், கைகளால் தாங்கியபடி இறக்கிவிடுங்கள். முதல் சில வினாடிகளில் தெரிவது உங்கள் கையின் வேகம், பொருளின் குணமில்லை. எடை ஏற்ற எடுத்த நேரத்தைப் போலப் பத்து மடங்கு கழிந்த பிறகு வரும் அளவுகளைத்தான் நம்பலாம். அதனால் முதல் அளவு 20ஆவது வினாடி.

அப்புறம் 50, 100, 200, 500, 1,000, 2,000, 5,000, 10,000 வினாடிகள். கடைசி அளவுக்கு 2 மணி 47 நிமிடம் ஆகும். புதிதாக வருகிற தம்பி, தங்கைகள் எல்லோரும் கேட்பார்கள்: "அண்ணே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதாதா?" போதாது. க்ரீப் மடக்கை அளவுகோலில் நடக்கும் சங்கதி. 10 முதல் 100 வினாடிக்குள் நடப்பதும் 1,000 முதல் 10,000 வினாடிக்குள் நடப்பதும் ஒரே அளவு முக்கியம். சம இடைவெளியில் எடுத்தால் தொடக்கத்தை முழுசாகத் தவறவிட்டு, கடைசியில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

1, 2, 4, 6, 8, 10 மெகா பாஸ்கல் என்று ஆறு படிகள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிய பட்டை. நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு, தொழிலில் பலர் கையாள்வது: ஒரே பட்டையை 100 வினாடி ஏற்றி, அதைப்போல நான்கு மடங்கு நேரம் ஓய்வு கொடுத்து, அடுத்த எடைக்குப் போவது. நேரியல் எல்லை எங்கே என்று தோராயமாகத் தேட இது போதும். கடைசி எண்ணுக்குப் போதாது.

எல்லையைக் கண்டுபிடிப்பது

நீட்சியை 250ஆல் வகுத்தால் திரிபு, அதாவது ஸ்ட்ரெயின். திரிபைத் தகைவால் வகுத்தால் வருவது இணக்கம். ஒரு மெகா பாஸ்கலுக்குப் பொருள் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்று அது சொல்லும். இப்போது ஒரே நேரத்தில், உதாரணமாக 100ஆவது வினாடியில், ஆறு எடைகளுக்கும் இணக்கத்தை எழுதுங்கள். பொருள் நேரியலாக இருந்தால் ஆறும் ஒரே எண். அப்படி இருக்காது. கணக்குக்காக ஒன்று: 2 மெகா பாஸ்கலில் திரிபு 0.16 சதவீதம் என்றால், 8 மெகா பாஸ்கலில் 0.64 வர வேண்டும். அளந்தது 0.80 என்றால் பொருள் 25 சதவீதம் கூடுதலாக இடங்கொடுத்திருக்கிறது. எத்தனை சதவீதத்தை எல்லை என்று கொள்வது உங்கள் தேவையைப் பொறுத்தது. 5 சதவீதம் ஒரு நியாயமான தொடக்கம்.

இதையே 1,000, 10,000 வினாடிகளுக்கும் செய்யுங்கள். எல்லை கீழே இறங்குவதைப் பார்ப்பீர்கள். குறுகிய நேரத்தில் நேரியலாகத் தெரிந்த எடை நீண்ட நேரத்தில் அப்படி இருக்காது. ஆகவே எல்லையை எழுதும்போது நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். இவை இல்லாத எண் யாருக்கும் பயன்படாது.

இறக்கிய பிறகு

பெரும்பாலானவர்கள் எடையை இறக்கியதும் கேஜைக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம், ஏனென்றால் பொருளைப் பற்றி அதிகம் சொல்வது மீட்சிதான். ஏற்றும்போது எல்லாமே ஒரே திசையில் நீள்வதால் எது திரும்பி வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இறக்கியதும் அவை தானாகப் பிரிகின்றன.

லுட்விக் போல்ட்ஸ்மான் 1870களில் சொன்ன மேற்பொருந்துதல் விதியை இங்கே நேரடியாகச் சோதிக்கலாம். அவர் கணக்குப்படி எடையை இறக்குவது என்பது அதே அளவு எதிர் எடையைப் புதிதாக ஏற்றுவதற்குச் சமம். ஒவ்வொரு எடையின் விளைவும் மற்றதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் தொடரும், கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். எனவே ஒரு பட்டையை 1,000 வினாடி ஏற்றிவைத்து இறக்கி, மேலும் 1,000 வினாடி பொறுத்துப் பாருங்கள். மிச்சமிருக்க வேண்டிய திரிபு இது: அதே எடையில் இறக்காமல் விட்டிருந்த இன்னொரு பட்டை 2,000ஆவது வினாடியில் காட்டிய திரிபிலிருந்து 1,000ஆவது வினாடியில் காட்டியதைக் கழித்தது. இரண்டும் ஒத்துப்போனால் அந்த எடையில் பொருள் நேரியல். 1 மெகா பாஸ்கலில் நெருங்கி வரும். 8இல், 10இல் வராது. விகிதச் சோதனையில் தேறிய எடைகூட இந்தச் சோதனையில் தவறிவிடலாம், அதனால் இரண்டையும் செய்யுங்கள்.

மீட்சியை வரைய 1960களில் டர்னர் என்பவர் பயன்படுத்திய முறை எளிமையானது. ஒரு அச்சில், திரும்பி வந்த திரிபை உச்சத் திரிபால் வகுத்த பங்கு. மறு அச்சில், மீட்சி நேரத்தை எடை சுமந்த நேரத்தால் வகுத்தது. வேறு வேறு எடைகளின் கோடுகளை ஒரே தாளில் ஒப்பிட்டுப் பார்க்க இது வழிசெய்யும். உச்சத் திரிபு பெரிதாக இருந்த பட்டை தாமதமாகவே திரும்புவதை அந்தத் தாளில் ஒரே பார்வையில் காணலாம். 10,000 வினாடி ஏற்றிய பட்டைக்கு நான்கு மடங்கு ஓய்வு என்றால் 11 மணி நேரம். மாலையில் இறக்கிவிட்டுக் காலையில் பசியாறும் முன் கடைசி அளவை எடுக்கலாம்.

ஆய்வகக் கருவிகளுக்குப் போனால்

டி.எம்.ஏ. (டைனமிக் மெக்கானிக்கல் அனாலிசிஸ்) கருவி கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அது சிறிய அலைவில் அளக்கும் கருவி. பாலிப்ரொப்பிலீனுக்குத் திரிபை 0.1 சதவீதமோ அதற்குக் கீழோ வைத்து அளப்பார்கள். அதில் வரும் எண்கள் நேரியல் எல்லைக்குள் பொருள் எப்படி என்றுதான் சொல்லும், எல்லைக்கு வெளியே என்ன ஆகும் என்று சொல்லாது. முதலில் அலைவின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஓர் ஓட்டம் செய்து, மீள்குணகம் எங்கே சரியத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

சூட்டைக் கூட்டி, குறைந்த நேரத்தில் நீண்ட கால நடத்தையைக் கணிக்கும் முறையையும் யாராவது பரிந்துரைப்பார்கள். வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி மூவரும் 1955இல் தந்த சமன்பாடு அதற்கு அடிக்கடி பயன்படுகிறது. படிகமில்லாத பாலிமருக்கு, கண்ணாடி நிலைமாற்றத்துக்கு மேலே, அது அருமையாக வேலை செய்யும். படிக பாலிமரில் சூடு ஏற ஏற படிகத்தின் அளவும் தடிமனும் மாறுகின்றன, சங்கிலிகள் படிகத்துக்குள்ளேயே நகரத் தொடங்குகின்றன. 30 டிகிரியில் இருந்த பொருளும் 80 டிகிரியில் இருக்கும் பொருளும் ஒன்றல்ல. கோடுகளைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தினால் பொருந்தாது, மேலும் கீழுமாகவும் நகர்த்த வேண்டிவரும். அப்படி நகர்த்திய அளவை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

எந்த மாடல்

எளியது வில்லியம் ஃபிண்ட்லியின் விதி. திரிபு என்பது தொடக்கத் திரிபோடு, ஒரு குணகத்தை நேரத்தின் ஓர் அடுக்கால் பெருக்கிச் சேர்த்தது. அந்த அடுக்கு ஒன்றைவிட நன்றாகக் குறைந்த எண், எடையைப் பொறுத்து அதிகம் மாறாது. தொடக்கத் திரிபும் குணகமும்தான் எடையோடு வளர்கின்றன. அந்த வளர்ச்சிக்கு ஃபிண்ட்லி ஐரிங்கின் கணக்கில் வருவது போன்ற சார்பையே பயன்படுத்தினார். பி.வி.சி., பாலிஎத்திலீன் மாதிரிகளை அவர் 26 ஆண்டுகள் எடையில் தொங்கவிட்டு அளந்து, 1987இல் வெளியிட்டார். அளவின் பொறுமைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நிலையான எடைக்கு இந்த விதி போதும். நீங்கள் அளந்த காலத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நீட்டாதீர்கள்.

எடை ஏறி இறங்கினால் ஃபிண்ட்லி போதாது. 1969இல் ரிச்சர்ட் ஷேப்பரி தந்த சமன்பாடு போல்ட்ஸ்மானின் வடிவத்தையே வைத்துக்கொண்டு, தகைவைப் பொறுத்து மாறும் நான்கு சார்புகளைச் சேர்க்கிறது. அவற்றில் ஒன்று பொருளின் உள் கடிகாரத்தையே வேகப்படுத்துகிறது: தகைவு கூடினால் பொருளுக்கு நேரம் வேகமாக ஓடுவதாகக் கொள்கிறோம். சிறிய எடையில் நான்கின் மதிப்பும் 1 ஆகிவிடும், போல்ட்ஸ்மான் திரும்பக் கிடைப்பார். மீட்சி அளவுகள் இல்லாமல் இந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்க முடியாது.

குழாய்க்கு இது எங்கே வருகிறது

மலேசியாவில் தண்ணீர் செல்லும் கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய்க்கு எம்.எஸ். 1058 தரநிலை இருக்கிறது. பி.இ. 100 என்று குறித்த குழாய்ப் பொருள், 20 டிகிரியில் 50 ஆண்டுக்கு 10 மெகா பாஸ்கல் தாங்கும் என்ற அடிப்படையில் வகுக்கப்பட்டது. 1.25 பாதுகாப்புக் கெழுவால் வகுத்தால் 8 மெகா பாஸ்கல். விட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் உள்ள விகிதம் 11 என்றால், அந்தக் குழாய் 16 பார் அழுத்தத்துக்கு உரியது. கொடிமலை உச்சியை விட்டால் பினாங்கில் எந்த மண்ணும் 20 டிகிரியில் இருப்பதில்லை. 30 டிகிரிக்கு 0.87ஆல் பெருக்க வேண்டும், 16 பார் 13.9 ஆகும். வெயில் படும் இடத்தில் 40 டிகிரி என்றால் 0.74, அதாவது 11.8 பார். பத்து டிகிரிக்கு இவ்வளவு இறங்குவது ஏன் என்று யாராவது கேட்டால், இதே சோதனையை வெவ்வேறு சூட்டில் திரும்பச் செய்து அந்த வரைபடத்தைக் காட்டலாம்.

கடைசிப் படி

மாடலைப் பொருத்தி முடித்ததும், பொருத்தப் பயன்படுத்தாத ஒரு சோதனையால் அதைச் சோதியுங்கள். 3 மெகா பாஸ்கலில் 1,000 வினாடி, உடனே 7 மெகா பாஸ்கலுக்கு ஏற்றி இன்னொரு 1,000 வினாடி, பிறகு மறுபடி 3க்கு இறக்கி 4,000 வினாடி. முதல் படி எளிதாகப் பொருந்தும். இரண்டாவதில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். மூன்றாவது படியில், எடை குறைந்த பிறகு பட்டை முதலில் சுருங்கிப் பிறகு நீளலாம், அல்லது சுருங்கிக்கொண்டே போகலாம். எது நடக்கும், எந்த வினாடியில் திரும்பும் என்பதை மாடல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் கணிப்பைத் தாளில் எழுதி, தேதி போட்டு, ஆய்வகத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு புதுப் பட்டையில் எடையைக் கட்டுங்கள்.